ஜுராசிக் வேர்ல்ட் ஏன் நிற்கவில்லை, மேவரிக் எப்படி நின்றது? இரண்டாம் பாகங்கள் பற்றிய விவாதம்

#1 நடுவரிசை

"இரண்டாம் பாகம்னாலே தேறாது" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் இந்த இழையைத் தாண்டிப் போகலாம். இங்கே படத்தைச் சொல்லி, காட்சியைச் சொல்லிப் பேசுவோம். முதலில் ஜுராசிக்.

1993 படம் 'ஜுராசிக் பார்க்' ஓடுவது 127 நிமிடம். அதில் டைனோசர் திரையில் இருப்பது மொத்தம் சுமார் 15 நிமிடம்தான். ஸ்டான் வின்ஸ்டன் பட்டறையில் செய்த, இயந்திரத்தால் அசையும் அனிமேட்ரானிக் உருவங்கள் சுமார் 9 நிமிடம், ஐஎல்எம் நிறுவனம் கணினியில் செய்த சிஜி உருவங்கள் சுமார் 6 நிமிடம். டி-ரெக்ஸ் வேலியைத் தாண்டி வருவது படம் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு. அதற்கு முன்பே ஒரு தடவை வண்டியை அதே வேலி ஓரம் நிறுத்தி, ஆட்டைக் கட்டி வைத்துக் காட்டுகிறார்கள். மிருகம் வரவே இல்லை, வண்டி கிளம்பிவிடுகிறது. இரவில் அதே இடம், மழை, மின்சாரம் போய்விட்டது. ஆட்டைக் காணோம். அப்புறம் ஆட்டுக்கால் ஒன்று வண்டிக் கூரைக் கண்ணாடி மேல் வந்து விழுகிறது. இடமும் வேலியும் நமக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால்தான் அந்தக் கால் அவ்வளவு வேலை செய்கிறது.

2015 ஜுராசிக் வேர்ல்டில் பூங்கா திறந்தே கிடக்கிறது, டைனோசர்கள் அதில் தினசரிச் சமாசாரம். இப்போதெல்லாம் டைனோசரைப் பார்த்து யாரும் வாய் பிளப்பதில்லை என்று ஒரு பாத்திரமே சொல்கிறது. சாமர்த்தியமான எழுத்துதான். ஆனால் அப்படிச் சொல்லிவிட்ட பிறகு வியப்பை எங்கிருந்து கொண்டு வருவது? உருவத்தையும் பல்லையும் பெரிதாக்கினார்கள், கலப்பினம் என்றார்கள். நியாயமாகச் சொன்னால் இண்டோமினஸ் என்ற அந்தக் கலப்பினத்தையும் கொஞ்ச நேரம் இலைகளுக்குப் பின்னால் மறைத்து வைத்துத்தான் காட்டுகிறார்கள். வெளியே வந்த பிறகுதான் அந்தப் பொறுமை காணாமல் போகிறது.

#2 சவுண்டுரூம்

ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1993 டி-ரெக்ஸ் தாக்கும் காட்சியில் பின்னணி இசையே கிடையாது. ஜான் வில்லியம்ஸ் கையில் இருந்தும் இசையை நிறுத்தி வைத்த முடிவு அது. மழை, தகரம் நசுங்கும் ஓசை, மூச்சு, உறுமல், அவ்வளவுதான். ஒலி வடிவமைப்பாளர் கேரி ரைட்ஸ்ட்ராம் அந்த உறுமலை யானைக்குட்டியின் பிளிறல், புலி, முதலை என்று அடுக்கிச் செய்தார். மூச்சுக்குத் திமிங்கிலம் நீர் பீய்ச்சும் சத்தம். வெலாசிராப்டர்கள் ஒன்றையொன்று கூப்பிடுவது ஆமைகள் புணரும்போது எழுப்பும் ஒலி. சிரிக்காதீர்கள், உண்மை.

டிடிஎஸ் ஒலி திரையரங்குக்கு வந்ததும் இந்தப் படத்தோடுதான். பிலிம் ஓரத்தில் டைம்கோடு மட்டும் இருக்கும், ஒலி தனி சிடி-ராமில் ஓடும். அந்தக் கீழ்ச்சுருதி அதிர்வை ஒழுங்காகக் கொடுக்க அப்போது வேறு வழி குறைவு. தண்ணீர்க் கிளாஸில் வட்டம் எழும் ஷாட் கதையில் நிற்க வேண்டுமானால் அரங்கில் இருப்பவனுக்கும் நாற்காலி அதிர வேண்டுமே. அந்த வட்டம் எப்படி வந்தது தெரியுமா? டாஷ்போர்டுக்கு அடியில் கிட்டார் கம்பி கட்டி, கீழே ஒருவர் படுத்துக்கொண்டு மீட்டினார்.

புதிய படங்களின் ஒலிக்கலவை எனக்குப் பிடிக்காததற்குக் காரணம் தரக்குறைவு இல்லை. ஒலி வடிவமைப்பும் பெரிய வாத்தியக் குழுவும் ஒரே அலைவரிசையில் மோதுகின்றன. உறுமல் கேட்க வேண்டிய இடத்தில் டிராம்போன் உட்கார்ந்திருக்கிறது.

#3 அரைடிக்கெட்

எல்லாம் சரி, ஆனா ஒண்ணு கேக்கறேன். 1997ல 'தி லாஸ்ட் வேர்ல்ட்' வந்துச்சே. அதே ஸ்பீல்பெர்க், அதே வின்ஸ்டன், அதே வில்லியம்ஸ், அதே ஐஎல்எம். இந்தத் தடவை டி-ரெக்ஸ் ரெண்டு செஞ்சாங்க. அதுகளை நகத்த முடியாதுன்னு செட்டைத்தான் அதுகளைச் சுத்திக் கட்டுனாங்க. அப்ப ஏன் அந்தப் படம் முதல் படத்துக்கு நிக்கல? "பொம்மை நல்லது, சிஜி கெட்டது"ன்னு இந்த இழை போகப் போகுதுன்னா இப்பவே சொல்லிட்டேன், அது தப்பு.

#4 நடுவரிசை

அரைடிக்கெட் சொல்வது முக்கியமான புள்ளி. லாஸ்ட் வேர்ல்டில் மலை விளிம்பில் தொங்கும் டிரெய்லர் காட்சி, தனியாக எடுத்தால், முதல் படத்தின் எந்தக் காட்சிக்கும் சளைத்ததில்லை. ஜூலியன் மூர் பின்கண்ணாடி மேல் விழுந்து கிடக்கிறார். உள்ளங்கை ஊன்றிய இடத்திலிருந்து விரிசல் மெல்ல ஓடுகிறது. கையை எடுத்தால் எடை மாறும், எடுக்காவிட்டால் விரிசல் பரவும். கடல் கீழே. இதில் டைனோசரே இல்லை!

ஆனால் படமாக அது தேறாததற்குக் காரணம், அந்தத் தீவுக்குப் போகிறவர்கள் அங்கே என்ன இருக்கிறது என்று தெரிந்தே போகிறார்கள். முதல் படத்தில் நாயகன் கிராண்டுக்குத் தெரியாது, நமக்கும் தெரியாது, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தெரிந்துகொள்கிறோம். இரண்டாவதில், முதல் படத்திலும் இருந்த இயன் மால்கம் எச்சரித்துக்கொண்டே வருகிறார், மற்றவர்கள் கேட்காமலே வருகிறார்கள். தெரிந்தே குழியில் விழுகிறவர்களோடு எவ்வளவு நேரம் பயப்பட முடியும்?

#5 பொறிப்பட்டறை

பொம்மை/சிஜி சண்டைக்கு நானும் வரவில்லை. ஆனால் கருவியின் குறை ஷாட்டை எப்படித் தீர்மானிக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும்.

முழு அளவு டி-ரெக்ஸ் சுமார் 40 அடி நீளம். அடியில் விமானப் பயிற்சி சிமுலேட்டர் மாதிரியான ஹைட்ராலிக் மேடை. தலையை ஆட்டும், குனியும், முட்டும், நடக்காது. நடக்க வேண்டிய ஷாட் எல்லாம் சிஜி. ஆகவே ஸ்பீல்பெர்க் ஒவ்வொரு ஷாட்டுக்கும் "இதில் தலை வேண்டுமா, கால் வேண்டுமா" என்று முடிவெடுத்தாக வேண்டும். அந்தக் கட்டாயம்தான் ஜன்னலில் ஒரு கண், கூரையில் ஒரு மூக்கு என்று காட்சியைத் துண்டு துண்டாக்கியது. குழந்தையும் மிருகமும் ஒரே ஃபிரேமில், ஒரே மழையில், ஒரே விளக்கில்.

தொல்லையும் இருந்தது. தோல் ஃபோம் ரப்பர். மழையில் நனைந்ததும் பஞ்சு போலத் தண்ணீரைக் குடித்துவிட்டது, எடை ஏறியது, ஹைட்ராலிக்ஸ் கணக்கிட்ட எடையைத் தாண்டியதும் மொத்த உருவமும் நடுங்க ஆரம்பித்தது. ஒவ்வொரு டேக்குக்கும் நடுவில் துண்டு வைத்துத் துடைத்து உலர்த்தினார்கள்.

சிஜி பக்கமும் கை வேலைதான். ஃபில் டிப்பெட் ஆட்கள் ஸ்டாப்-மோஷன்காரர்கள், அதாவது பொம்மையைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் படமெடுப்பவர்கள், கணினி தெரியாது. அவர்களுக்காக மூட்டுக்கு மூட்டு சென்சார் பொருத்திய எலும்புக்கூட்டுப் பொம்மை ஒன்று செய்தார்கள். அதைக் கையால் அசைத்தால் கணினிக்குள் இருக்கும் உருவம் அசையும். எடை எங்கே விழுகிறது என்று விரலுக்குத் தெரிந்தவர்கள் செய்த அசைவு அது. கணினிப் பெட்டி மாறினாலும் ஆள் மாறவில்லை.

2015 படத்தில் குறிப்பிடும்படியான அனிமேட்ரானிக் ஒன்றே ஒன்று, செத்துக்கொண்டிருக்கும் அபடோசாரஸின் தலையும் கழுத்தும். அந்தப் படத்திலேயே மனதைத் தொடும் காட்சியும் அதுதான். செய்தது லெகசி எஃபெக்ட்ஸ், வின்ஸ்டன் 2008இல் இறந்த பிறகு அவருடைய ஆட்கள் சேர்ந்து தொடங்கிய பட்டறை. நம் 'எந்திரன்' சிட்டிக்கு அனிமேட்ரானிக் வேலை பார்த்தவர்களும் அவர்களே.

#6 வசூல்கணக்கு

ரசனையை விடுங்கள், மக்கள் என்ன சொன்னார்கள் என்பதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. அமெரிக்க மொத்த வசூலை முதல் வாரக்கடைசி வசூலால் வகுத்துப் பாருங்கள். முதல் மூன்று நாள் என்பது பெயருக்கும் விளம்பரத்துக்கும் கிடைத்த காசு. மிச்சம் பார்த்தவன் வெளியே வந்து சொன்னதற்குக் கிடைத்தது.

ஜுராசிக் வேர்ல்ட் (2015): முதல் வாரக்கடைசி 20.9 கோடி டாலர், மொத்தம் 65 கோடிக்கு மேல். மடங்கு 3.1.
ஜுராசிக் வேர்ல்ட் ஃபாலன் கிங்டம் (2018): 14.8, பிறகு 41.8. மடங்கு 2.8.
ஜுராசிக் வேர்ல்ட் டொமினியன் (2022): 14.5, பிறகு 37.7. மடங்கு 2.6.
டாப் கன் மேவரிக் (2022): 12.7, பிறகு 71.9. மடங்கு 5.7.

டொமினியனும் மேவரிக்கும் ஒரே கோடையில், இரண்டு வார இடைவெளியில் வந்தவை. முதல் வாரம் டைனோசர் ஜெயித்தது. கடைசியில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசத்தில் விமானம் ஜெயித்தது.

2025 'ஜுராசிக் வேர்ல்ட் ரீபர்த்' புதன்கிழமை வெளியானது, அதனால் அதை இந்தப் பட்டியலில் வைத்து ஒப்பிட முடியாது.

#7 அரைடிக்கெட்

1986 டாப் கன் முதல் வாரக்கடைசி 82 லட்சம் டாலர், மொத்தம் 17 கோடிக்கு மேல. மடங்கு இருபதைத் தாண்டுது. அப்ப மேவரிக் அதுக்குக் கால்வாசி சொச்சம்தான்னு சொல்லுவீங்களா?

#8 வசூல்கணக்கு

சொல்ல மாட்டேன். 1986இல் ஒரு படம் ஆயிரம் தியேட்டர் சொச்சத்தில் தொடங்கி மாதக்கணக்கில் ஓடும். இப்போது நாலாயிரத்துக்கு மேல் ஒரே நாளில். அன்றைய மடங்கை இன்றைய மடங்கோடு வைக்கக் கூடாது. ஒரே காலத்துப் படங்களை மட்டும் ஒப்பிடுங்கள். டொமினியன், மேவரிக் இரண்டையும் எடுத்தது அதற்காகத்தான்.

#9 பழையபிரிண்ட்

காசை வைத்து அளந்தால் 'பிளேட் ரன்னர் 2049' எங்கே போகும்? இயக்கம் டெனி வில்னெவ், ஒளிப்பதிவு ரோஜர் டீக்கின்ஸ், லாஸ் ஏஞ்சலஸ் நகருக்கு வீட்டா பட்டறையின் மினியேச்சர்கள். முதல் படத்தின் கேள்வியை அப்படியே எடுத்து இன்னொரு பக்கம் திருப்பிக் கேட்ட இரண்டாம் பாகம். தியேட்டரில் போட்ட காசு வரவில்லை. 1982 படமும் வெளியானபோது தேறவில்லை என்பது வேறு கதை. அந்த வகையில் மட்டும் இரண்டும் ஒன்றுக்கொன்று சமம்!

#10 காக்பிட்

மேவரிக் பேச்சு வந்துவிட்டது, ஒரு மூடநம்பிக்கையை உடைத்துவிடுகிறேன். "அதில் சிஜியே இல்லை, எல்லாம் நிஜம்" என்று பகிர்ந்துகொண்டே இருக்கிறார்கள். அந்தப் படத்தில் விஎஃப்எக்ஸ் (காட்சி ஜாலம்) ஷாட்கள் சுமார் 2,400. எதிரி விமானங்கள் நிஜத்தில் பறந்த விமானத்தின் மேல் கணினியில் போர்த்திய தோல். எஃப்-14 போர் விமானத்துக்கு அமெரிக்கக் கடற்படை 2006இலேயே ஓய்வு கொடுத்துவிட்டது, பறக்கும் நிலையில் அவர்களிடம் ஒன்றுகூட இல்லை. அது வானத்தில் பறக்கும் ஷாட்களும் அதே வித்தை.

அப்படியானால் எது நிஜம்? நடிகரின் முகம். இரண்டு பேர் உட்காரும் எஃப்/ஏ-18எஃப் விமானத்தில் முன்னால் கடற்படை விமானி, பின்னால் நடிகர். சோனி வெனிஸ் கேமராவின் சென்சார் பகுதியை மட்டும் கேபிளில் பிரித்துக் கொண்டுவரும் ரியால்டோ என்ற இணைப்பு அப்போதுதான் வந்திருந்தது. உடல் பகுதியை இன்னோர் இடத்தில் வைத்துவிட்டு, அந்தச் சின்னத் தலைகளை மட்டும் இடுக்கில் பொருத்தினார்கள். ஒரு காக்பிட்டில் ஆறு கேமரா, நான்கு நடிகரைப் பார்த்து, இரண்டு முன்பக்கம் பார்த்து. நடிகருக்கு முன்னால் இருப்பது விமானியின் முதுகு. ஆனால் கேமரா அந்த முதுகிலிருந்து நடிகரை நோக்கித் திரும்பியிருப்பதால் விமானி ஃபிரேமில் வரமாட்டார். பார்க்கிறவனுக்கு நடிகர்தான் ஓட்டுகிறார்.

இயக்குநர் ஜோசப் கோசின்ஸ்கி தரையில். மேலே என்ன நடக்கிறது என்று மானிட்டரில் பார்க்க வழியில்லை. கேமராவை ஓடவிடுவது, வெயில் எந்தப் பக்கம் என்று பார்ப்பது, வசனம் பேசுவது எல்லாம் நடிகர் பொறுப்பு. இறங்கி வந்த பிறகு எல்லாரும் உட்கார்ந்து போட்டுப் பார்ப்பார்கள். வரவில்லை என்றால் மறுபடி மேலே. அதற்காகவே செஸ்னா, அப்புறம் எக்ஸ்ட்ரா 300, அப்புறம் எல்-39 என்று வேறு விமானங்களில் படிப்படியாக உடலைப் பழக்கினார்கள். நேரே எஃப்-18இல் ஏற்றினால் மயங்கி விழுவார்கள், எடுத்த காட்சி குப்பைக்குப் போகும். 1986 படத்தில் காக்பிட் நெருக்கக் காட்சிகளில் பெரும்பகுதி தரையில் எடுத்ததற்குக் காரணம் அதுதான். மேவரிக்குக்காகச் சேர்ந்த காட்சிப்பதிவு 800 மணி நேரத்துக்கு மேல்.

கன்னச் சதை கீழே இழுபடுவதையும் கழுத்து நரம்பு புடைப்பதையும் நடித்துக் காட்ட முடியாது. அதை நிஜமாக வைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே வேண்டியதை மட்டும் கணினியில் மாற்றினார்கள். எது பொய்யாக இருக்கலாம், எது இருக்கக் கூடாது என்று பிரித்ததில்தான் அந்தப் படத்தின் வெற்றி. முதல் படத்தைவிட ஒரு படி மேல் என்பேன்.

#11 கதைமேசை

தொழில்நுட்பத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டாம் பாகத்துக்குக் கதை எழுதும்போது முதல் கேள்வி, முதல் படம் எதை முடிக்காமல் விட்டது? மேவரிக்கில் அது முதல் படத்தில் இறந்துபோன நண்பன் கூஸின் மகன். முப்பத்தாறு வருடம் கழித்தும் அந்தக் கணக்கு தீரவில்லை.

'திருஷ்யம் 2' (2021) இதற்குப் பாடமாக வைக்கத்தக்கது. படம் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டுங்கள். 2013இல் ஜீத்து ஜோசப் பிணத்தைக் கட்டிக்கொண்டிருக்கும் காவல் நிலையத்துத் தரைக்கடியில் வைத்து முடித்தார். அது முற்றுப்புள்ளி போலத் தெரிந்தது. ஆனால் அன்றிரவு நாயகன் ஜார்ஜ்குட்டி அந்த இடத்திலிருந்து வெளியே வந்ததை யாராவது பார்த்திருந்தால்? இரண்டாம் பாகம் முழுக்க அந்த ஒரு ஓட்டையில் கட்டப்பட்டது. புது வில்லன் வேண்டியிருக்கவில்லை, பயம் உள்ளேயே இருக்கிறது. முதல் ஒரு மணி நேரம் மெதுவாகப் போகிறது என்று குறை சொன்னவர்கள் கடைசி அரை மணி நேரத்தில் வாய் திறக்கவில்லை.

எதிர்ப்பக்கம் '2.0'. எந்திரன் (2010) கடைசியில் சிட்டி தன்னைத்தானே பாகம் பாகமாகக் கழற்றிக்கொள்கிறது. சிந்திக்கத் தொடங்கியதுதான் குற்றம் என்பது முடிவு. அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை, அது மூடிய கதவு. 2018இல் அதே சிட்டியை மறுபடி பூட்டி எழுப்பினார்கள். எழுப்பப்பட்ட சிட்டிக்குத் தான் ஏன் கழற்றப்பட்டோம் என்ற நினைப்பே பெரிதாக இல்லை. முதல் படத்தில் மோதல் சிட்டி, வசீகரன், சனா மூவருக்குள். இதில் சனா வெறும் போன் குரல். பட்சிராஜன் பாத்திரம் மட்டும் தனியாக ஒரு நல்ல படத்துக்குரியது. அந்த முன்கதை வரும் இருபது நிமிடத்தில் சிட்டியை யாரும் தேடுவதில்லை என்பதைக் கவனியுங்கள். 3டி கேமராவிலேயே நேரடியாக எடுத்த உழைப்பை யாரும் குறைசொல்ல முடியாது. சுஜாதா 2008இல் போய்விட்டார். அந்த வெற்றிடம் வசனத்தில் கேட்கிறது.

#12 அரைடிக்கெட்

இந்தியன் 2வை விட்டுட்டீங்களே?

#13 கதைமேசை

1996 கணக்கில் சேனாபதி சுதந்திரப் போராட்டத் தலைமுறை. 2024இல் நூறைத் தாண்டியவர். அவரை ஒற்றைச் சக்கர வண்டியில் ஓட்டிவிட்டு வயதைப் பற்றிக் கேட்காதே என்றால் எப்படி? ஆனால் பெரிய கோளாறு வெட்டும் மேசையில். எடுத்த காட்சிகள் ஒரு படத்துக்கு அதிகம் என்று இரண்டாகப் பிரித்தார்கள். பிரிக்கும்போது சேனாபதியின் சொந்தக் கதை மூன்றாவதற்குப் போய்விட்டது, இரண்டாவதில் தண்டனைகள் மட்டும் வரிசையாக நின்றன. வெளியான பிறகு சுமார் 12 நிமிடம் குறைத்தும் பார்த்தார்கள். நீளத்தைக் குறைத்தால் சரியாகும் நோய் இல்லை அது. முதல் படத்தில் மகனைக் கொல்வதா வேண்டாமா என்ற ஒரே முடிச்சில் எல்லாக் கொலையும் கட்டப்பட்டிருந்தது.

#14 கடலோரம்

மேட் மேக்ஸ் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை. 2015 ஃபியூரி ரோட், அதே இயக்குநர் ஜோர்ஜ் மில்லர்தான், முதல் படத்துக்கு 36 வருசம் கழிச்சு. 120 நிமிசத்தில சுமார் 2,700 வெட்டு. 1981 மேட் மேக்ஸ் 2இல சுமார் 1,200தான். அதாவது ஃபியூரி ரோட்டில ஒரு ஷொட் சராசரி மூண்டு செக்கனுக்கும் குறைவு. இப்படி வெட்டினால் சாதாரணமாத் தலை சுத்தும், எவன் எந்தப் பக்கம் எண்டு விளங்காது. இதில விளங்குது. ஏனெண்டால் முக்கியமான விசயம் எப்பவும் ஃபிரேமின்ர நடுவில. கண் ஒரு இடத்திலயே நிக்குது, ஷொட்தான் மாறுது. எடிட்டர் மார்கரெட் சிக்ஸல் 480 மணித்தியாலக் காட்சியை இருந்து பார்த்து வெட்டினவ. ஒஸ்காரும் வாங்கினவ. இப்ப வாற சண்டைப் படங்கள் வேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நடுவை விட்டுட்டினம்.

#15 நடுவரிசை

இது எனக்குப் பிடித்த பதிவு. ஜுராசிக் பக்கமும் இதே மாதிரி ஒரு ஃபிரேம் விஷயம் உண்டு. 1993இல் அகலத்திரையை விட்டுவிட்டு, அகலத்துக்கும் உயரத்துக்கும் 1.85 என்ற விகிதத்தில் எடுத்தார்கள், மிருகத்துக்கு உயரம் வேண்டும் என்று. 2015இல் 2.00. அகலமும் வேண்டும் உயரமும் வேண்டும் என்ற சமரசம்.

#16 பழையபிரிண்ட்

இவ்வளவு பேசி, முதல் படத்தை முந்திய படம் என்று உலகமே ஒப்புக்கொண்டதை யாரும் தொடவில்லை. டெர்மினேட்டர் 2 (1991). முதல் படம் சுமார் 64 லட்சம் டாலரில், இது சுமார் 10 கோடி டாலரில். ஆனாலும் உருகும் உலோக மனிதனின் சிஜி மொத்தம் 5 நிமிட அளவுதான்.

ஜேம்ஸ் கேமரூன் முதல் படத்தின் பயத்தை அப்படியே வைத்து ஆளை மட்டும் மாற்றினார். கடைவீதிக் கட்டடத்தின் பின் நடைபாதையில் ரோஜாப் பெட்டியிலிருந்து துப்பாக்கி வெளியே வரும்வரை அர்னால்ட் காப்பாற்ற வந்தவரா கொல்ல வந்தவரா என்று தெரியாதபடி காட்சிகளை அடுக்கியிருக்கிறார். விளம்பர ட்ரெய்லரில் அதைப் போட்டு உடைத்துவிட்டார்கள். படம் பார்க்காத யாருக்காவது போட்டுக் காட்டினால் ட்ரெய்லரைக் காட்டாதீர்கள், அரை மணி நேரப் பதற்றம் கூடுதலாகக் கிடைக்கும்.

#17 பொறிப்பட்டறை

டி2வில் சிஜி என்று நினைத்துக்கொண்டிருக்கும் பல ஷாட்கள் சிஜியே இல்லை. மருத்துவமனையில் காபி இயந்திரத்தின் முன் காவலாளியும் அவனைப் போலவே உருமாறிய டி-1000 என்ற அந்த உலோக மனிதனும் எதிரெதிரே நிற்பது, டான் ஸ்டான்டன், டேன் ஸ்டான்டன் என்ற இரட்டைச் சகோதரர்கள்.

இன்னும் அழகானது, அர்னால்டின் தலையைத் திறந்து சிப்பை எடுக்கும் காட்சி. கண்ணாடி முன் உட்கார்ந்திருக்கிறார், பின்னால் சாரா கருவியை வைத்து நோண்டுகிறார், கேமரா நகர்கிறது, கண்ணாடிக்குள்ளும் வெளியேயும் இருவரும் தெரிகிறார்கள். கண்ணாடியே அங்கே கிடையாது. சுவரில் வெறும் ஓட்டை. கேமராவுக்கு அருகே இருப்பது அர்னால்டின் பொம்மைத் தலை, அதை நோண்டுவது சாராவாக நடித்த லிண்டா ஹாமில்டனின் இரட்டைச் சகோதரி லெஸ்லி. ஓட்டைக்கு அந்தப் பக்கம், 'பிம்ப'மாக, நிஜ அர்னால்டும் நிஜ லிண்டாவும். இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் கையை ஒரே மாதிரி அசைக்க வேண்டும், அதுவும் இடவலம் மாறி.

#18 அரைடிக்கெட்

தியேட்டர் பிரிண்ட்ல இந்த சீன் இல்லையே?

#19 பொறிப்பட்டறை

இல்லை. வெட்டிவிட்டார்கள். நீட்டிக்கப்பட்ட ஸ்பெஷல் எடிஷனில் இருக்கிறது, டிஸ்க் வாங்கினால் அந்தப் பதிப்பா என்று பார்த்து வாங்குங்கள். ஸ்ட்ரீமிங்கில் பெரும்பாலும் 137 நிமிடத் தியேட்டர் பதிப்புதான் கிடைக்கும். ஓடும் நேரத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.